ஒமைக்ரான் அலை: பூஸ்டர் விவாதமும் மருத்துவமனைச் சேர்க்கையும் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படைத் தகவல்கள்

• நோய்: கோவிட்-19. நோய்க்காரணி: சார்ஸ்-கோவ்-2 வைரஸ். மரபுப்பொருள்: ஒற்றை இழை ஆர்என்ஏ.
• மனித செல்லில் வைரஸ் இணையும் இடம்: ஏசிஇ2 ஏற்பி. இணைக்கும் புரதம்: கூர்முனைப் புரதம் (ஸ்பைக் புரதம்).
• பன்னாட்டுக் கவலைக்குரிய பொதுச் சுகாதார அவசரநிலை: அறிவிப்பு 30 ஜனவரி 2020, முடிவு 5 மே 2023.
• நோய்க்குப் பெயர் சூட்டல்: 11 பிப்ரவரி 2020. பெருந்தொற்று என வகைப்படுத்தல்: 11 மார்ச் 2020. மூன்று அறிவிப்புகளும் உலக சுகாதார நிறுவனத்தால். அப்போதைய தலைமை இயக்குநர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசுஸ் (எத்தியோப்பியா).
• திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துப் பெயர்கள்: 31 மே 2021 முதல். நோக்கம்: நாட்டின் பெயரால் திரிபை அழைத்து அந்நாட்டு மக்கள் மீது பழி சுமத்துவதைத் தவிர்த்தல்.

கவலைக்குரிய திரிபுகள் ஐந்து

• ஆல்ஃபா: பி.1.1.7, பிரிட்டன்.
• பீட்டா: பி.1.351, தென்னாப்பிரிக்கா.
• காமா: பிரேசில்.
• டெல்டா: பி.1.617.2, இந்தியா. அந்நாட்டின் இரண்டாம் அலைக்குக் காரணம்.
• ஒமைக்ரான்: பி.1.1.529, ஆப்பிரிக்காவின் தென்பகுதி. இந்தியாவின் மூன்றாம் அலைக்குக் காரணம்.

ஒமைக்ரான்: தேதிகள்

• முதன்முதலில் உறுதி செய்யப்பட்ட தொற்றின் மாதிரி எடுக்கப்பட்ட நாள்: 9 நவம்பர் 2021.
• தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்த நாள்: 24 நவம்பர் 2021.
• கவலைக்குரிய திரிபாக அறிவிப்பு: 26 நவம்பர் 2021. தகவல் வந்த இரண்டே நாளில்.
• மரபணு வரிசைப்படுத்தலில் முன்னின்றவர்: துலியோ டி ஒலிவெய்ரா, ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகம்.
• முதலில் வேகமாகப் பரவிய மாகாணம்: கௌடெங். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்கள் இம்மாகாணத்தில்.
• தவிர்க்கப்பட்ட கிரேக்க எழுத்துகள்: நியூ, க்ஸை. முதலாவது ஆங்கிலத்தில் ‘புதிய’ என்ற சொல்லோடு ஒலி மயக்கம் தருவது. இரண்டாவது பரவலான குடும்பப் பெயர்.
• கூர்முனைப் புரதத்தில் 30-க்கும் மேற்பட்ட திடீர்மாற்றங்கள். விளைவு: எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்பும் திறன்.
• உட்பிரிவுகள்: பிஏ.1, பிஏ.2, பிஏ.3, பிஏ.4, பிஏ.5. பின்னர் எக்ஸ்பிபி, ஜேஎன்.1.
• உடனடி விளைவு: ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் மீது பயணத் தடைகள். வெளிப்படையாகத் தகவல் தந்த நாடே தண்டிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அறிவியலாளர்களின் எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது.

வரையறைகள்

• முதன்மைத் தவணைகள்: அடிப்படைத் தடுப்பாற்றலை உருவாக்கும் தொடக்க ஊசிகள். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு இரண்டு.
• கூடுதல் தவணை: முதன்மைத் தவணைகளுக்குப் போதிய எதிர்வினை காட்டாத உடலுக்கு. எ.கா. உறுப்புமாற்றச் சிகிச்சை பெற்றவர்கள்.
• பூஸ்டர் தவணை (ஊக்கத் தவணை): போதிய எதிர்வினை உண்டாகி, காலப்போக்கில் குறைந்த உடலுக்கு. மேற்கண்டதும் இதுவும் எண்ணிக்கையில் மூன்றாவது ஊசியே, நோக்கம் வேறு.
• முன்னெச்சரிக்கைத் தவணை: பூஸ்டருக்கு இந்திய அரசு இட்ட பெயர்.
• தடுப்பை மீறிய தொற்று: முழுத் தவணை பெற்றவருக்கு வரும் தொற்று.
• கலப்புத் தடுப்பாற்றல்: தொற்று, தடுப்பூசி இரண்டாலும் பெற்ற பாதுகாப்பு.
• சோதனைத் திறன்: கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்தும் மருத்துவச் சோதனையில் கிடைப்பது.
• நடைமுறைத் திறன்: மக்களிடையே பயன்பாட்டுக்கு வந்தபின் கணக்கிடப்படுவது. பூஸ்டர் விவாதத்தில் பேசப்பட்ட எண்களில் மிகப் பெரும்பான்மை இவ்வகை.
• தடுப்பூசித் திறன் வாய்பாடு: 1 – (ஊசி பெற்றோரிடையே நோய் வீதம் ÷ பெறாதோரிடையே நோய் வீதம்). விடை 100-ஆல் பெருக்கப்பட்டுச் சதவீதத்தில்.
• எதிர்மறைச் சோதனை வடிவமைப்பு: ஒரே அறிகுறிகளுடன் பரிசோதனைக்கு வந்தவர்களில் ‘பாசிட்டிவ்’ ஆனவர்களையும் ‘நெகட்டிவ்’ ஆனவர்களையும் தடுப்பூசி நிலை வாரியாக ஒப்பிடும் முறை. பரிசோதனைக்கு வராதோர் கணக்கில் இல்லை என்பதே இதன் பலம், பலவீனமும் அதுவே.

இரண்டு பாதுகாப்புகள், இரண்டு எண்கள்

• தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு: முதன்மைப் பங்கு இரத்தத்திலும் சளிப்படலத்திலும் உள்ள நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்களுக்கு. சில மாதங்களில் குறைவது.
• கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு: நினைவு பி செல்கள், டி செல்கள். மெதுவாகக் குறைவது. டி செல்கள் அடையாளம் காணும் புரதப் பகுதிகள் பல, ஒமைக்ரானிலும் பெரும்பாலும் மாறாதவை.
• பிரிட்டன், ஒமைக்ரான், ஃபைசர் இரு தவணை, அறிகுறியுள்ள தொற்று: 2–4 வாரங்களில் 65.5%, 25 வாரங்களுக்குப் பின் 8.8%.
• ஃபைசர் மூன்றாம் தவணைக்குப் பின், அதே அளவீடு: 2–4 வாரங்களில் 67.2%, 10 வாரங்களுக்குப் பின் 45.7%.
• பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, 31 டிசம்பர் 2021: மூன்று தவணைக்குப் பின் மருத்துவமனைச் சேர்க்கைக்கு எதிராக 88%.
• அமெரிக்கா, ஒமைக்ரான் காலம், எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள், மருத்துவமனைச் சேர்க்கைக்கு எதிராக: இரண்டாம் தவணைக்குப் பின் ஆறு மாதத்துக்குள் 81%, ஆறு மாதம் கடந்தபின் 57%, மூன்றாம் தவணைக்குப் பின் 90%.
• அமெரிக்கா, மூன்றாம் தவணையின் தேய்வு: இரு மாதத்துக்குள் 91%, நான்காம் மாதத்தில் 78%.
• ‘பூஸ்டர் போட்டும் தொற்று வந்தது’ என்ற வாதத்துக்குரியது முதல் வகை எண். ‘படுக்கை நிரம்புமா’ என்ற கேள்விக்குரியது இரண்டாம் வகை எண். உலகெங்கும் நடந்த சச்சரவில் பெரும்பகுதி இவ்விரண்டையும் கலந்ததன் விளைவு.

இஸ்ரேல்: பூஸ்டரில் முன்னோடி நாடுகளுள் ஒன்று

• தேசிய அளவில் மூன்றாம் தவணை தொடக்கம்: 30 ஜூலை 2021, 60 வயதுக்கு மேற்பட்டோர். அன்றே ஊசி பெற்றவர்: குடியரசுத் தலைவர் ஐசக் ஹெர்சாக்.
• அப்போதைய பிரதமர்: நஃப்தலி பென்னட். தடுப்பூசி: ஃபைசர்-பயோஎன்டெக்.
• ஆகஸ்ட் 2021 இறுதிக்குள் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நீட்டிப்பு.
• மக்கள்தொகை முழுவதும் நான்கு நலக் காப்பு நிதியங்களில் பதிவு: கிளாலிட், மக்கபி, மெயுஹெடெட், லெயுமிட். தரவு விரைவாகக் கிடைத்ததற்குக் காரணம்.
• மூன்றாம் தவணை ஆய்வு: 60 வயதுக்கு மேற்பட்ட 11,37,804 பேர். காலம்: 30 ஜூலை – 31 ஆகஸ்ட் 2021. உறுதியான தொற்று 11.3 மடங்கு குறைவு. கடும் நோய் 19.5 மடங்கு குறைவு. திரிபு: டெல்டா. ஒமைக்ரானுக்கு இவ்வெண்கள் பொருந்தா.
• நான்காம் தவணை: ஜனவரி 2022 தொடக்கம், 60 வயதுக்கு மேற்பட்டோர், சுகாதாரப் பணியாளர்.
• நான்காம் தவணை ஆய்வு: 60 வயதுக்கு மேற்பட்ட 12,52,331 பேர். மூன்று தவணையினரோடு ஒப்பீடு. நான்காம் வாரத்தில் தொற்று 2 மடங்கு குறைவு, கடும் நோய் 3.5 மடங்கு குறைவு. எட்டாம் வாரத்தில் தொற்றுக்கு எதிரான பலன் ஏறத்தாழ மறைவு (1.1 மடங்கு), கடும் நோய்க்கு எதிரான பலன் அது அளவிடப்பட்ட ஆறு வாரமும் குறையவில்லை. இரு பாதுகாப்புகளும் பிரியும் இடத்தைத் தெளிவாகக் காட்டும் ஆய்வு.
• 50 வயதுக்கு மேற்பட்ட கிளாலிட் உறுப்பினர் ஆய்வு: பூஸ்டர் பெற்றோரிடையே கோவிட் இறப்பு 90% குறைவு. பின்னர் எழுந்த விமர்சனம்: ஆரோக்கியர் சார்பு.
• ஆரோக்கியர் சார்பு: உடல்நலம் உள்ளவர்களே ஊசி போட முன்வருவதால் பலன் மிகையாகத் தெரிதல். படுத்த படுக்கையாக உள்ள முதியவர் ஊசி பெறாதோர் பட்டியலில் சேர்தல். கண்டறியும் வழி: கோவிட் அல்லாத பிற காரண இறப்புகளையும் ஒப்பிடுதல்.

கணக்கு: கடும் நோயாளிகளில் 58% ஊசி பெற்றவர்கள்

• இடம், நாள்: இஸ்ரேல், 15 ஆகஸ்ட் 2021. பகுப்பாய்வாளர்: உயிர்ப்புள்ளியியலாளர் ஜெஃப்ரி மோரிஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகம்.
• கடும் நோயுடன் மருத்துவமனையில் இருந்தோர்: 515. முழுத் தவணை பெற்றோர் 301 (58.4%); பெறாதோர் 214.
• பரவிய தவறான முடிவு: தடுப்பூசி பயனற்றது.
• படி 1, வீதம் காணல்: ஒரு லட்சம் பேருக்கு, ஊசி பெற்றோரிடையே 5.3; பெறாதோரிடையே 16.4. திறன் 67.5%.
• படி 2, வயது பிரித்தல்:
 – 50 வயதுக்குக் கீழ்: பெறாதோர் 43 பேர், வீதம் 3.9; பெற்றோர் 11 பேர், வீதம் 0.3. திறன் 91.8%.
 – 50 வயதும் மேலும்: பெறாதோர் 171 பேர், வீதம் 91.9, பெற்றோர் 290 பேர், வீதம் 13.6. திறன் 85.2%.
• மொத்தத் திறன் 67.5%, பிரித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் 85%-க்கு மேல். பெயர்: சிம்ப்சன் முரண்.
• காரணம் 1: 50 வயதுக்கு மேற்பட்டோரில் 90%-க்கும் மேல் ஊசி பெற்றவர்கள்.
• காரணம் 2: ஊசி பெறாதோரில் 85%-க்கும் மேல் 50 வயதுக்குக் கீழ், அதாவது இயல்பிலேயே ஆபத்து குறைந்தவர்கள்.
• எல்லை நிலை: மக்கள் 100% ஊசி பெற்றால் மருத்துவமனையில் சேர்வோரும் 100% ஊசி பெற்றவர்களே. நோயாளிகளில் எத்தனை சதவீதம் என்பது திறனின் அளவீடு அல்ல.

உலக சுகாதார நிறுவனம்: தற்காலிக நிறுத்தக் கோரிக்கை

• 4 ஆகஸ்ட் 2021: செப்டம்பர் இறுதி வரை பூஸ்டர் நிறுத்தக் கோரிக்கை. 8 செப்டம்பர் 2021: ஆண்டு இறுதி வரை நீட்டிப்பு.
• இலக்குகள்: ஒவ்வொரு நாட்டிலும் செப்டம்பர் 2021-க்குள் 10%, டிசம்பர் 2021-க்குள் 40%, 2022 நடுப்பகுதிக்குள் 70%.
• கோவாக்ஸ்: ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வழங்கும் கூட்டமைப்பு. வழிநடத்தியோர்: காவி, செபி, உலக சுகாதார நிறுவனம், விநியோகப் பங்காளி யுனிசெஃப். முடிவு: 31 டிசம்பர் 2023.
• கோவாக்ஸ் முதல் சரக்கு: கானா (அக்ரா), 24 பிப்ரவரி 2021, 6 லட்சம் தவணைகள், தயாரிப்பு புனே சீரம் நிறுவனம்.
• நிறுத்தக் கோரிக்கையின் அறம்: ஒரு நாட்டில் முதல் தவணைகூடக் கிடைக்காமல் நோயாளிகளைத் தொட்டுப் பணியாற்றும் செவிலியர்; மற்றொரு நாட்டில் மூன்றாம் தவணை பெறும் நலமான இளைஞர். செல்வந்த நாடுகள் கோரிக்கையை ஏற்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தின் பெரிய அநீதிகளுள் ஒன்று.
• நிறுத்தக் கோரிக்கையின் அறிவியல்: ஊசியே பெறாதவருக்குப் போடும் ஒரு தவணை காக்கும் உயிர்கள், ஏற்கெனவே இரண்டு பெற்றவருக்குப் போடும் தவணை காப்பதைவிட அதிகம்.
• லான்செட் மருத்துவ இதழின் கருத்துரை, 13 செப்டம்பர் 2021: பொது மக்கள் அனைவருக்கும் பூஸ்டர் தேவை என்பதற்குப் போதிய சான்று அப்போது இல்லை. ஆசிரியர்களுள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மரியன் க்ரூபர், பிலிப் க்ராஸ். உலக சுகாதார நிறுவனத்தின் சௌம்யா சுவாமிநாதன், மைக் ரயன். கருத்துரையின் காலம்: ஒமைக்ரானுக்கு முன்.
• சௌம்யா சுவாமிநாதன்: உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி (2019–2022). சென்னையைச் சேர்ந்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னாள் தலைமை இயக்குநர். தந்தை: எம்.எஸ்.சுவாமிநாதன்.

அமெரிக்கா: வாக்கெடுப்புகள்

• 18 ஆகஸ்ட் 2021: பைடன் அரசு, செப்டம்பர் 20 வாரத்திலிருந்து பெரியவர்களுக்குப் பூஸ்டர் என அறிவிப்பு. ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலுக்கு முன்பே வந்த அறிவிப்பு. சர்ச்சையின் வேர் இதுவே.
• 17 செப்டம்பர் 2021, உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு: 16 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் என்ற முன்மொழிவு 16–2 வாக்குகளில் தோல்வி. 65 வயதுக்கு மேற்பட்டோர், கடும் நோய் ஆபத்துள்ளோர் என்ற திருத்தம் 18–0 வாக்குகளில் வெற்றி.
• 23 செப்டம்பர் 2021, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசனைக் குழு: பணியிட ஆபத்துள்ளோருக்குப் பூஸ்டர் என்ற முன்மொழிவு 9–6 வாக்குகளில் நிராகரிப்பு.
• 24 செப்டம்பர் 2021: மைய இயக்குநர் ரோசெல் வாலென்ஸ்கி, நிராகரிக்கப்பட்ட அப்பிரிவையும் பரிந்துரையில் சேர்ப்பு.
• 19 நவம்பர் 2021: 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அனுமதி. ஒமைக்ரான் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்.
• 8 டிசம்பர் 2021, ஃபைசர் அறிக்கை: ஒமைக்ரானை நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் அளவு, மூன்றாம் தவணைக்குப் பின் இரண்டாம் தவணையைவிட 25 மடங்கு. ஆய்வக எண், மருத்துவமனை எண் அல்ல.
• ஜனவரி 2022: மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகள். அதுவரை காணாத உச்சம்.
• மென்மையான திரிபு எனப்பட்டும் உச்சம் ஏன்: தொற்றியோர் தொகை மிகப் பெரிது. சிறிய வீதம் × பெருந்தொகை = நிரம்பிய படுக்கைகள்.

பிரிட்டன்

• பிரிட்டனில் கோவிட் தடுப்பூசியின் முதல் பொதுப் பயன்பாடு: 8 டிசம்பர் 2020, கோவென்ட்ரி, பெற்றவர் மார்கரெட் கீனன், வயது 90.
• பூஸ்டர் பரிந்துரை: தடுப்பூசிக் கூட்டுக் குழு, 14 செப்டம்பர் 2021. தொடக்கம்: 16 செப்டம்பர் 2021. முதலில் 50 வயதுக்கு மேற்பட்டோர், ஆபத்துள்ளோர், சுகாதாரப் பணியாளர்.
• 29 நவம்பர் 2021: 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நீட்டிப்பு, இடைவெளி 6 மாதத்திலிருந்து 3 மாதம்.
• 12 டிசம்பர் 2021: பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சி உரை, இங்கிலாந்தில் ஆண்டு இறுதிக்குள் அனைத்துப் பெரியவர்களுக்கும் பூஸ்டர் வாய்ப்பு. முந்தைய இலக்கு: ஜனவரி இறுதி.
• இங்கிலாந்தில் கோவிட் நோயாளிகள் இருந்த படுக்கைகள், உச்ச நாள்: ஜனவரி 2021-இல் ஏறத்தாழ 34,000, ஜனவரி 2022-இல் ஏறத்தாழ 17,000. தொற்று பன்மடங்கு கூடியும் படுக்கை பாதி.
• கோவ்-பூஸ்ட் ஆய்வு: ஏழு தடுப்பூசிகளை மூன்றாம் தவணையாக ஒப்பிட்ட சோதனை, 2,878 பங்கேற்பாளர், தலைமை சால் ஃபாஸ்ட், சவுத்தாம்ப்டன், லான்செட், டிசம்பர் 2021.

‘கோவிட்டுக்காக’ சேர்ந்தோர், ‘கோவிட்டுடன்’ சேர்ந்தோர்

• முதல் வகை: மூச்சுத்திணறல், நிமோனியா, கோவிட்டே சேர்க்கைக்குக் காரணம்.
• இரண்டாம் வகை: எலும்பு முறிவு, பிரசவம், அறுவைச் சிகிச்சை, வழக்கமான பரிசோதனையில் தற்செயலாகப் பாசிட்டிவ்.
• ஒமைக்ரான் காலத்தில் இரண்டாம் வகை பெருகக் காரணம்: ஊரெங்கும் தொற்று; நுழைவோர் அனைவருக்கும் பரிசோதனை.
• முதல் எச்சரிக்கை: பிரிட்டோரியா, ஸ்டீவ் பீகோ மருத்துவமனை வளாகம், டிசம்பர் 2021 தொடக்கம். கோவிட் வார்டில் பெரும்பாலோருக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை.
• நியூயார்க் மாநிலம், ஜனவரி 2022: ஆளுநர் கேத்தி ஹோக்கல், இரு வகையையும் பிரித்துத் தெரிவிக்க மருத்துவமனைகளுக்கு உத்தரவு. நியூயார்க் நகரில் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டாம் வகை.
• இங்கிலாந்து தேசிய சுகாதாரச் சேவை: முதன்மையாகக் கோவிட்டுக்குச் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கையைத் தனியே வெளியிடல்.
• பிரிக்காத எண்ணின் விளைவு 1: அலையின் கடுமை மிகையாகத் தெரிதல்.
• விளைவு 2: கடும் நோய்க்கு எதிரான தடுப்பூசித் திறன் குறைவாகத் தெரிதல். கால் முறிந்து வந்தவரைப் பூஸ்டர் தடுக்க இயலாது.
• மறுபக்கம்: இரண்டாம் வகை நோயாளிக்கும் தனிமைப் படுக்கை, பாதுகாப்பு உடை, கூடுதல் பணியாளர் தேவை. நீரிழிவு, இதய நோய், டயாலிசிஸ் நோயாளிகளில் கோவிட் அடிப்படை நோயை முற்றச் செய்யும்; வகைப்பாடு எளிதன்று. ‘தற்செயல்’ என்ற சொல்லால் சுமையைத் தள்ளுபடி செய்தல் தவறு.
• சேர்க்கையைவிடத் தெளிவான அளவீடுகள்: ஆக்சிஜன் தேவை, தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசம், இறப்பு.
• கால இடைவெளி: தொற்று உச்சத்துக்கு ஓரிரு வாரம் பின்னர் சேர்க்கை உச்சம், அதற்கும் பின்னர் இறப்பு உச்சம். அலையின் முதல் வாரத்தில் ‘மென்மை’ எனத் தீர்ப்பளித்தலின் ஆபத்து இதில்.

தென்னாப்பிரிக்கா

• டிஸ்கவரி ஹெல்த் காப்பீட்டு நிறுவனத் தரவு: ஃபைசர் இரு தவணை, மருத்துவமனைச் சேர்க்கைக்கு எதிராக ஒமைக்ரான் காலத்தில் 70%, டெல்டா காலத்தில் 93%.
• சிசோன்கே திட்டம்: சுகாதாரப் பணியாளர்களுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசி. பூஸ்டருக்குப் பின் 1–2 மாதத்தில் சேர்க்கைக்கு எதிராக 85%.
• பிற நாடுகளுக்கு நேரடியாகப் பொருத்த இயலாமைக்குக் காரணம்: இளம் மக்கள்தொகை, முந்தைய அலைகளில் பரவலாகத் தொற்றுப் பெற்ற மக்கள்.

ஹாங்காங்: எதிர்ச் சான்று

• ஐந்தாம் அலை, 2022 தொடக்கம். திரிபு: பிஏ.2. நிர்வாகத் தலைவர்: கேரி லாம்.
• இறப்பு: 9,000-க்கும் மேல். மக்கள்தொகை: ஏறத்தாழ 74 லட்சம். மார்ச் 2022-இல் உலகின் மிக உயர்ந்த இறப்பு வீதங்களுள் ஒன்று.
• காரணம்: முதியோரிடையே, குறிப்பாக 80 வயதுக்கு மேற்பட்டோரிடையே, குறைந்த தடுப்பூசி வீதம், முந்தைய தொற்று மிகக் குறைவு.
• கடும் நோய், இறப்புக்கு எதிரான திறன், 60 வயதுக்கு மேற்பட்டோர்:
 – இரு தவணை: ஃபைசர் 89.3%, சீனாவின் கொரோனாவேக் 69.9%.
 – மூன்று தவணை: இரண்டும் 97.9%.
• கொரோனாவேக் போன்ற செயலிழந்த வைரஸ் தடுப்பூசிக்கு மூன்றாம் தவணையின் மதிப்பை உறுதி செய்த தரவு. ‘ஒமைக்ரான் இயல்பிலேயே மென்மையானது’ என்ற கூற்றுக்கு மறுப்பு.

யாருக்குப் பூஸ்டர்: மாதிரிக் கணக்கு

• கொள்ளப்பட்ட மதிப்புகள் (கணக்குக்காக மட்டும்): முதியோரிடையே சேர்க்கை ஆபத்து லட்சத்துக்கு 1,000, இளைஞரிடையே 10, திறன் இருவருக்கும் 88%.
• தடுக்கப்படும் சேர்க்கைகள்: முதியோர் லட்சத்துக்கு 880, இளைஞர் லட்சத்துக்கு 8.8.
• ஒரு சேர்க்கையைத் தடுக்கத் தேவையான ஊசிகள்: முதியோர் சுமார் 114; இளைஞர் சுமார் 11,364.
• ஒப்பீட்டுத் திறன் ஒன்றே. முழுமையான பலன் 100 மடங்கு வேறுபாடு. கையிருப்பு குறைவான நாட்டில் முதியோருக்கே முதல் உரிமை என்பதன் அடிப்படை.

எதிர்த்தரப்பின் அறிவியல் வாதங்கள்

• இதயத் தசை அழற்சி: எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் அரிய பக்கவிளைவு. அதிகம் காணப்பட்டோர்: பதின்ம வயது, இளம் ஆண்கள், குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பின்.
• சுவீடன், 6 அக்டோபர் 2021: 1991-இலும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்கு மாடர்னா நிறுத்திவைப்பு.
• நோயெதிர்ப்பு முத்திரை: முதலில் சந்தித்த திரிபுக்கே உடல் மீண்டும் மீண்டும் எதிர்வினை காட்டல். பழைய பெயர்: மூல ஆன்டிஜென் பாவம், சூட்டியவர் தாமஸ் ஃபிரான்சிஸ் ஜூனியர், இன்ஃப்ளூயன்சா ஆய்வு, 1960.
• உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி உட்கூறு ஆலோசனைக் குழு, 11 ஜனவரி 2022: மூலத் தடுப்பூசியையே மீண்டும் மீண்டும் பூஸ்டராக இடும் உத்தி பொருத்தமானதாகவோ நீடிக்கத்தக்கதாகவோ இருக்க வாய்ப்பில்லை.

இந்தியா

• அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி, கோவிஷீல்டு, கோவேக்சின்: 3 ஜனவரி 2021. தடுப்பூசித் திட்டத் தொடக்கம்: 16 ஜனவரி 2021.
• 100 கோடி தவணை: 21 அக்டோபர் 2021. 200 கோடி தவணை: 17 ஜூலை 2022.
• முதல் ஒமைக்ரான் தொற்று அறிவிப்பு: 2 டிசம்பர் 2021, கர்நாடகம், இருவர்.
• மரபணு வரிசைப்படுத்தல் கூட்டமைப்பு: இன்சாகாக், டிசம்பர் 2020, தொடக்கத்தில் 10 ஆய்வகங்கள்.
• முன்னெச்சரிக்கைத் தவணை அறிவிப்பு: பிரதமர் நரேந்திர மோடி, 25 டிசம்பர் 2021.
• தொடக்கம்: 10 ஜனவரி 2022. பயனாளிகள்: சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டோர். இடைவெளி: 9 மாதம் (39 வாரம்). தடுப்பூசி: முன்பு பெற்ற அதே வகை.
• 15–18 வயதினருக்குத் தடுப்பூசி: 3 ஜனவரி 2022, கோவேக்சின். 12–14 வயதினர்: 16 மார்ச் 2022, கோர்பிவேக்ஸ். அன்றே 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு இணைநோய் நிபந்தனை நீக்கம்.
• 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு, தனியார் மையங்களில் கட்டணத்துடன்: 10 ஏப்ரல் 2022. விலை 225 ரூபாய். சேவைக் கட்டண உச்சவரம்பு 150 ரூபாய்.
• இடைவெளி 9-லிருந்து 6 மாதமாகக் குறைப்பு: 6 ஜூலை 2022.
• இலவசம், 75 நாள் இயக்கம்: 15 ஜூலை – 30 செப்டம்பர் 2022. அலையின் உச்சம் ஜனவரியில். இளையோருக்கு இலவசம் ஜூலையில். காலத் தாழ்வு தெளிவு.
• ஒரு நாள் தொற்று உச்சம்: இரண்டாம் அலை 4,14,188 (மே 2021), மூன்றாம் அலை 3,47,254 (ஜனவரி 2022).
• மத்திய சுகாதாரச் செயலர் ராஜேஷ் பூஷண், மாநிலங்களுக்குக் கடிதம், 10 ஜனவரி 2022: சிகிச்சையில் இருப்போரில் மருத்துவமனை தேவைப்பட்டோர் இரண்டாம் அலையில் 20–23%, மூன்றாம் அலையில் 5–10%. நிலைமை மாறக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே கடிதத்தில்.
• அதே நாள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதல்: வயது, இணைநோய் அடிப்படையில் ஆபத்து இல்லாத தொடர்பாளர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. பகுதி எண் சுருங்கும்போது சேர்க்கைச் சதவீதம் தானாக உயரும். அலைகளை ஒப்பிடுகையில் கவனம் தேவை.

பூஸ்டராக அனுமதி பெற்ற இந்தியத் தடுப்பூசிகள்

• கோவிஷீல்டு: சீரம் நிறுவனம், புனே, சிம்பன்சி அடினோவைரஸ் கடத்தி.
• கோவேக்சின்: பாரத் பயோடெக், ஹைதராபாத், செயலிழந்த வைரஸ்.
• கோர்பிவேக்ஸ்: பயாலஜிக்கல் ஈ, ஹைதராபாத்; புரதத் துணை அலகு. இந்தியாவில் வேறு வகைத் தடுப்பூசி பெற்றோருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் பூஸ்டர், ஆகஸ்ட் 2022.
• இன்கோவேக்: பாரத் பயோடெக், மூக்குவழி, வெளியீடு 26 ஜனவரி 2023.
• ஜெம்கோவேக்-ஓஎம்: ஜென்னோவா, புனே; எம்ஆர்என்ஏ; இந்தியாவின் முதல் ஒமைக்ரான் சார்ந்த பூஸ்டர், ஜூன் 2023.

தமிழ்நாடு

• முதல் ஒமைக்ரான் தொற்று அறிவிப்பு: 15 டிசம்பர் 2021. அப்போதைய சுகாதார அமைச்சர்: மா.சுப்பிரமணியன். அப்போதைய செயலர்: ஜெ.ராதாகிருஷ்ணன்.
• மாநில அரசின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம்: சென்னை, செப்டம்பர் 2021.
• முதல் மெகா தடுப்பூசி முகாம்: 12 செப்டம்பர் 2021, இலக்கு 20 லட்சம், போடப்பட்டவை 28.91 லட்சம்.
• ஜனவரி 2022: இரவு ஊரடங்கு 6-ஆம் தேதி முதல்; ஞாயிறு முழு ஊரடங்கு 9, 16, 23. ஒரு நாள் தொற்று 30,000-ஐக் கடந்தது.
• வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு, இரண்டாம் அலை, 2021: தடுப்பூசி பெற்ற பணியாளர் 8,991, பெரும்பாலோர் கோவிஷீல்டு. இரு தவணையின் பாதுகாப்பு: தொற்று 65%, மருத்துவமனைச் சேர்க்கை 77%, ஆக்சிஜன் தேவை 92%, தீவிர சிகிச்சை 94%. கடுமை கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் வரிசை; பூஸ்டர் விவாதத்துக்கு முன்பே இங்கு கிடைத்த சான்று.


புதுப்பிக்கப்பட்ட தடுப்பூசிகள்

• இருதிரிபுத் தடுப்பூசி: மூல வைரஸ், ஒமைக்ரான் இரண்டின் கூர்முனைப் புரதக் குறியீடும் கொண்டது.
• முதல் அனுமதி: பிரிட்டன், 15 ஆகஸ்ட் 2022, மாடர்னா (பிஏ.1).
• அமெரிக்கா: ஆலோசனைக் குழு வாக்கெடுப்பு 19–2, 28 ஜூன் 2022, அனுமதி 31 ஆகஸ்ட் 2022 (பிஏ.4, பிஏ.5).
• மூல வைரஸ் கூறு கைவிடல், எக்ஸ்பிபி.1 பரிந்துரை: உலக சுகாதார நிறுவன ஆலோசனைக் குழு, மே 2023. ஜேஎன்.1 பரிந்துரை: ஏப்ரல் 2024.
• மருத்துவ நோபல் 2023: கட்டலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன்; எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த நியூக்ளியோசைடு மாற்றக் கண்டுபிடிப்பு.

உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழுவின் வழிகாட்டுதல், 28 மார்ச் 2023

• உயர் முன்னுரிமை: முதியோர், கடும் இணைநோயுள்ள இளையோர், தடுப்பாற்றல் குன்றியோர் (6 மாதக் குழந்தை முதல்), கர்ப்பிணிகள், முன்களச் சுகாதாரப் பணியாளர். கடைசித் தவணைக்கு 6 அல்லது 12 மாதத்துக்குப் பின் மேலும் ஒரு பூஸ்டர்.
• நடுத்தர முன்னுரிமை: நலமான பெரியவர்கள், இணைநோயுள்ள சிறார். முதன்மைத் தவணைகள், முதல் பூஸ்டர். அதற்கு மேல் வழக்கமான பரிந்துரை இல்லை.
• குறைந்த முன்னுரிமை: 6 மாதம் முதல் 17 வயது வரை நலமான சிறார். நோய்ச்சுமை, செலவு ஆகியவற்றைப் பொறுத்து நாடுகளின் முடிவு.